மேய்ச்சல் நிலத்துக்கு எவ்வளவு வாடகை கேட்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

நிலக் குத்தகை பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை மேய்ச்சல் நிலத்தைப் பற்றியே இருந்தன. பயிர் வைக்கும் நிலம் என்றால் விளைச்சலில் இத்தனை பங்கு என்று பேசப் பழகியிருக்கிறோம். மாடு மேயும் நிலம் என்றதும் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்லி, அதில் பாதிக்குப் பேரம் பேசி, கடைசியில் இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, சும்மா கிடந்த நிலத்தில் புல் நன்றாக வந்திருக்கிறது. மாடு வைத்திருக்கும் ஒருவர் வாடகைக்குக் கேட்கிறார். பக்கத்து நிலக்காரர் வாங்கும் தொகையையே நானும் சொல்லிவிடலாமா?

பதில்: சொல்லலாம், ஆனால் அந்தத் தொகைக்கு அவர் என்னவெல்லாம் செய்து தருகிறார் என்று முதலில் விசாரித்துவிடுங்கள். வேலி யாருடையது? தொட்டியில் தண்ணீர் நிரப்புவது யார்? காலையிலும் மாலையிலும் தலை எண்ணுவது யார்? ஒரு மாடு வேலியைத் தாண்டி அடுத்தவர் பயிரில் இறங்கினால் முதலில் ஓடுவது யார்? இதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டு ஒரு தொகை வாங்க, நீங்கள் கேட்டைத் திறந்துவிட்டுவிட்டு அதையே கேட்டால், வருகிறவர் ஒரு பருவத்தோடு கிளம்பிவிடுவார். பக்கத்து வாடகையை வைத்துக் கணக்குப் போடுகிற பழக்கத்தில்தான் பாதிச் சண்டை ஆரம்பிக்கிறது.

மேய்ச்சலில் நீங்கள் விற்பது புல்லை. ஏக்கர் என்பது அந்தப் புல் நிற்கும் இடம், அவ்வளவுதான். ஒரு ஏக்கரில் இடுப்பளவு புல் நிற்கும், பக்கத்து ஏக்கரில் பாறையும் முள்ளுமாக இருக்கும். இரண்டுக்கும் ஒரே வாடகை என்றால் யாரோ ஒருவர் ஏமாறுகிறார். அதனால் பணத்தைப் பற்றிப் பேசும் முன், மாட்டின் வயிற்றுக்குள் போகப்போகும் புல் எத்தனை கிலோ என்று பாருங்கள்.

அதன் பிறகு இரண்டு எல்லைகள். உங்கள் பக்கம் ஒரு அடிமட்டம்: வரி, வேலியின் தேய்மானம், விதையோ உரமோ போட்டிருந்தால் அதன் செலவு, உங்கள் நேரம். அவர் பக்கம் ஒரு உச்சவரம்பு: உங்கள் புல் கிடைக்காவிட்டால் அதே மாடுகளுக்குத் தீவனம் வாங்கிப் போட என்ன ஆகுமோ, அதிலிருந்து உங்கள் நிலத்துக்கு ஓட்டி வந்து பார்த்துக்கொள்ளும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது. நியாயமான வாடகை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அடிமட்டமே உச்சவரம்பைத் தாண்டி நின்றால் பேசிப் பயனில்லை, புல்லை அறுத்து விற்க முடியுமா என்று பாருங்கள்.

அந்த உச்சவரம்பைக் கணக்கிடக் காய்ந்த புல்லின் சந்தை விலை நல்ல அளவுகோல். ஆனால் அந்த விலைக்குள் அறுப்பு, உலர்த்தல், கட்டுதல், ஏற்றி இறக்கல், வண்டி வாடகை, மழையில் நனையாமல் வைத்தது எல்லாம் அடங்கியிருக்கிறது. நிற்கும் புல்லை மாடே அறுத்துக்கொள்கிறது. மிதித்தும் சாணம் போட்டும் வீணாக்குவதும் அதே மாடுதான். ஆகவே உண்ணப்படும் ஒவ்வொரு கிலோவுக்கும் காய்ந்த புல் விலையில் மூன்றில் ஒரு பங்கு என்று பேச்சைத் தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம். வேலியும் தண்ணீரும் ஆள் கவனிப்பும் உங்களுடையது என்றால் பாதி வரை போகலாம். அதற்கு மேல் கேட்பவரிடம் நானாக இருந்தால் போகமாட்டேன்.

கேள்வி: புல் எத்தனை கிலோ இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியுமா? அதற்கென்று கருவி ஏதும் வேண்டுமா?

பதில்: பார்த்தவுடன் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பல வருடம் அளந்து அளந்து கண்ணைப் பழக்கியவர்கள். மற்றவர்களுக்கு ஒரு கத்தரிக்கோல், ஒரு சமையலறைத் தராசு, கம்பியை வளைத்தோ நாலு குச்சியைக் கட்டியோ செய்த சதுரச் சட்டம் ஒன்று போதும். சட்டத்தின் உள்ளளவு பக்கத்துக்கு 50 சென்டிமீட்டர்.

நிலத்துக்குள் நடந்துகொண்டே சட்டத்தைப் பார்க்காமல் பின்பக்கமாக எறியுங்கள். இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நின்று தேர்ந்தெடுத்தால் கண் தானாகப் புல் அடர்ந்த இடத்துக்குத்தான் போகும், வாடகைக்கு விடுகிறவரின் கண் இன்னும் வேகமாகப் போகும். வெறும் மண்ணில் விழுந்தால் அதையும் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். குறைந்தது பத்துப் பதினைந்து இடத்தில் போட்டு, சட்டத்துக்குள் இருப்பதைத் தரையை ஒட்டி வெட்டி, மாடு தொடாத களையையும் முள்ளையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, மீதியை எடை போடுங்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து நடந்தால் பின்னால் பேச்சு வராது.

பச்சைப் புல்லில் முக்கால் பங்கும் அதற்கு மேலும்கூடத் தண்ணீர்தான். அதனால் வெட்டியதை எடை குறைவது நிற்கும்வரை வெயிலில் உலர்த்த வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் கொஞ்சம் புல்லை எடுத்து, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து (இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்), ஓரிரு நிமிடமாக ஓட்டி ஓட்டி எடை பார்த்தால் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு சட்டத்துக்குச் சராசரியாகக் கிடைத்த உலர் எடையைக் கிராமில் எழுதி 40ஆல் பெருக்கினால், அதுதான் ஒரு ஹெக்டேரில் நிற்கும் உலர் புல்லின் கிலோ.

ஒரு உதாரணம் போடுவோம். சராசரியாகச் சட்டத்துக்கு 300 கிராம் பச்சை, அது காய்ந்து 75 கிராம் ஆகிறது. 75 × 40 = 3,000 கிலோ. ஆனால் அத்தனையும் மாட்டுக்கு இல்லை. ஒரே நிலத்தில் தொடர்ந்து மேயவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வயிற்றுக்குப் போகும். மீதி மிதிபடும், சாணத்தின் கீழ் போகும், பூச்சி தின்னும், ஒரு பகுதி வேருக்காக நின்றே ஆக வேண்டும். 1955இல் கிரைடர் என்ற அமெரிக்க ஆய்வாளர் புற்களை வெவ்வேறு அளவுக்கு வெட்டிப் பார்த்தார்: மேலே இருக்கும் இலையில் பாதி வரை எடுத்தபோது வேர் பெரும்பாலும் தாங்கிக்கொண்டது, அதைத் தாண்டத் தாண்ட வேர் வளர்வதே நாள்கணக்கில் நின்றுபோனது. பாதியை எடு, பாதியை விடு என்று மேய்ச்சல்காரர்கள் சொல்லும் வழக்கத்துக்கு இது வலுச் சேர்த்தது. எடுக்கும் அந்தப் பாதியிலும் ஒரு பகுதி வீணாகிவிடும்.

நாம் 35 சதவீதம் வைத்துக்கொள்வோம்: 1,050 கிலோ. 400 கிலோ எடையுள்ள மாடு தினமும் தன் எடையில் இரண்டரை சதவீதம், அதாவது 10 கிலோ உலர் தீவனம் தின்னும். ஒரு மாடு ஒரு நாள் தின்பதை ஒரு மாட்டு நாள் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஹெக்டேர் 105 மாட்டு நாள் தாங்கும். ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 42. உங்களிடம் ஐந்து ஏக்கர் இருந்தால் 210 மாட்டு நாள்: ஏழு மாடு ஒரு மாதம், அல்லது இரண்டு மாடு மூன்றரை மாதம். தின்னப்படும் புல் 2,100 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு 700. இப்போது காய்ந்த புல் 700 கிலோ என்ன விலை விற்கிறதோ அதுதான் மொத்த வாடகைக்கு உங்கள் தொடக்கப் புள்ளி. காய்ந்த புல்லிலும் பத்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும், அந்த நுணுக்கத்தை விட்டுவிடலாம்.

மேய்ச்சல் நடக்கும்போதே புல் வளரும் காலமாக இருந்தால் இது முதல் சுற்றுக் கணக்கு மட்டும். நிலத்தை நாலைந்தாகப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிடுகிறவர் என்றால் 35 என்பது 50 வரைகூடப் போகலாம், ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்ப அளக்க வேண்டும்.

கேள்வி: ஒரு மாட்டுக்குப் பத்துச் செம்மறி ஆடு என்று கணக்கு வைத்து வாடகைக்கு விட்டேன். எடைப்படி சரியாகத்தான் இருந்தது. ஆனால் மாடு மேய்ந்த வருடத்தைவிட வெகு சீக்கிரம் நிலம் மொட்டையாகிவிட்டது. ஆடு வைத்திருப்பவர் கூடுதலாக ஓட்டி வந்துவிட்டாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: அவரைச் சந்தேகப்படாதீர்கள், கணக்குத்தான் தப்பு. சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் பசி அதிகம். விலங்குகளின் ஆற்றல் தேவையை ஆராய்ந்த மேக்ஸ் கிளைபர் 1932இல் காட்டியது இதைத்தான்: விலங்குகளின் ஆற்றல் தேவை எடையோடு நேராக ஏறுவதில்லை, எடையின் முக்கால் அடுக்கோடு ஏறுகிறது, அதாவது எடை பத்து மடங்கானால் தேவை ஐந்தரை மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும். 400 கிலோ மாட்டையும் 40 கிலோ ஆட்டையும் அந்தக் கணக்கில் போட்டால் ஒரு மாட்டின் தீவனத்தை ஐந்தரை ஆடு, ஆறு ஆடே தின்று முடித்துவிடும். நீங்கள் பத்து விட்டிருக்கிறீர்கள். பத்து ஆடு வந்தாலும் நிலத்தில் மேய்ந்தது ஒன்றேமுக்கால் மாட்டுக்குச் சமம். போதாததற்குச் செம்மறி தரையை ஒட்டிக் கடிக்கும். மாடு நாக்கால் சுருட்டி இழுப்பதால் அவ்வளவு கீழே போக முடியாது. வெள்ளாடு என்றால் கதை வேறு, அது புதரையும் தழையையும் தேடிப் போகும், மாடு விட்டதைத் தின்னும்.

இங்கே இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் ஒரு கால்நடை அலகு (வெவ்வேறு கால்நடைகளை ஒப்பிட வைத்திருக்கும் பொது அளவு) என்று போட்டிருப்பதை அப்படியே எடுக்காதீர்கள். வெப்ப மண்டல நாடுகளுக்கான கணக்கில் ஓர் அலகு 250 கிலோ. அமெரிக்கக் கணக்கில் அது ஏறத்தாழ 454 கிலோ மாடு. ஒரு பட்டியலில் இருந்து அலகையும் இன்னொன்றில் இருந்து வாடகையையும் எடுத்தால் ஒன்றுக்கு இரண்டாகப் பிசகிவிடும்.

கேள்வி: ஏக்கருக்கு இவ்வளவு என்பதா, தலைக்கு மாதம் இவ்வளவு என்பதா, எடை ஏறினால் கிலோவுக்கு இவ்வளவு என்பதா? எது நல்லது?

பதில்: யாருக்கு நல்லது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஏக்கர் கணக்கு எளிது. எண்ண வேண்டியதில்லை, எடை போட வேண்டியதில்லை, பணம் முன்கூட்டியே வந்துவிடும். ஆனால் வாடகை கட்டியவருக்கு மாடு கூடக் கூடத் தலைக்குச் செலவு குறையும், கடைசிப் புல் வரை சுரண்டத் தோன்றும். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன், அந்த ஏற்பாடே அப்படித்தான் இழுக்கும். எனவே ஏக்கர் கணக்கில் விடுபவர் அதிகபட்சம் எத்தனை மாடு, எந்தத் தேதி வரை, எவ்வளவு உயரப் புல் மிஞ்ச வேண்டும் என்ற மூன்றையும் எழுதியே ஆக வேண்டும். ஏலம் விட்டு அதிகம் கேட்டவருக்குக் கொடுக்கிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்: அதிகம் கொடுத்தவர் அதைப் புல்லில் இருந்துதான் எடுப்பார்.

தலைக்கு மாதம் என்பது இதற்கு நேர் எதிர். இங்கே கூடுதல் மாட்டை உள்ளே விட ஆசைப்படுவது நிலக்காரர். மாட்டுக்காரர் பாதிப் பட்டினி மாட்டை ஓட்டிப் போக வேண்டி வரும். தலைக்கு என்று சொன்னாலும் 250 கிலோ கிடேரியும் 450 கிலோ கறவை மாடும் ஒரே தலை இல்லை, எடைப்படி இரண்டு மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாதம் என்பதைவிட நாள் கணக்கு மேல். பதினெட்டு நாளில் ஓட்டிப் போனவரிடம் முப்பது நாளுக்கு வாங்குவது நன்றாக இருக்காது.

எடை ஏற்றத்துக்கு வாடகை என்பது வளரும் கன்றுகளுக்கு மட்டுமே பொருந்தும், எனக்குப் பிடித்ததும் இதுதான், புல் நன்றாக இருந்தால் இரண்டு பேருக்கும் லாபம், மோசமாக இருந்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம் என்பதால். சிக்கல் தராசில் இருக்கிறது. அசைபோடும் விலங்கின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வயிற்றில் கிடக்கும் தீவனமும் தண்ணீருமாகவே இருக்கலாம். நுழையும்போது பட்டினியாக நின்ற கன்றையும், போகும்போது புல்லும் தண்ணீருமாக வயிறு முட்ட நிற்கும் கன்றையும் ஏற்றினால் ஏறாத எடைக்கு வாடகை போகும். மாற்றிச் செய்தால் நிலக்காரர் தலையில் துண்டு. முதல் நாள் மாலை அடைத்து, இரவு தீவனம் இல்லாமல் வைத்து, காலையில் ஒரே தராசில், வரும்போதும் போகும்போதும் ஒரே மாதிரி எடை போடுவதாக எழுதிக்கொள்ளுங்கள். செத்துப்போன கன்றுக்கும் திருட்டுப்போன கன்றுக்கும் என்ன கணக்கு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பிறகு மோசமாகத்தான் வரும்.

கேள்வி: எங்கள் பக்கம் நிலத்தின் விலை சில வருடங்களில் பல மடங்கு ஏறிவிட்டது. மேய்ச்சல் வாடகையையும் அதற்கேற்ப ஏற்றுவதில் தவறு என்ன?

பதில்: தவறு ஒன்றுமில்லை, கொடுக்க ஆள் இருந்தால். நிலம் விலை ஏறியது வீடு கட்ட வருகிறவர்களால். மாடு அதே புல்லைத்தான் தின்கிறது, அதே பாலைத்தான் கறக்கிறது. 1817இலேயே ரிக்கார்டோ என்ற பொருளாதார அறிஞர் சொல்லிவிட்டுப் போனார், குத்தகை கொடுப்பதால் தானியம் விலை ஏறுவதில்லை, தானியம் விலை ஏறுவதால்தான் குத்தகை ஏறுகிறது என்று. நிலத்தின் விலை உயர்வை நீங்கள் விற்கும் அன்றைக்கு வாங்கிக்கொள்வீர்கள். அதுவரை மாட்டுக்காரரிடம் அதற்கு வட்டி கேட்டால், நிலம் சும்மா கிடக்கும், களை வளரும், அதை வெட்டக் கூலி நீங்கள் கொடுப்பீர்கள்.

கேள்வி: பருவம் முழுவதுக்கும் வாடகையை முன்கூட்டியே கட்டினேன். பாதியில் மழை ஏமாற்றிவிட்டது, புல் கருகிவிட்டது. நிலக்காரர் பணத்தைத் திருப்ப மறுக்கிறார்.

பதில்: இந்த வருடத்துக்கு நீங்கள் போட்ட ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான், வாய்ப்பேச்சு மட்டும் என்றால் மீதி நாளில் பாதிக்காவது இறங்கி வரச் சொல்லிப் பேசிப் பாருங்கள். அவருக்கும் அதில் நன்மை இருக்கிறது, கருகிய புல்லைத் தரை தெரிய மேயவிட்டால் அடுத்த மழைக்குப் புல்லுக்குப் பதில் களை முந்திக்கொள்ளும், அவர் நிலம்தான் கெடும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். நாலு வேலிக் கல்லில் தரையிலிருந்து 10 சென்டிமீட்டரில் ஒரு பெயின்ட் கோடு. சுற்றியுள்ள புல் சராசரியாக அந்தக் கோட்டுக்கு வந்ததும் மாடு வெளியே போக வேண்டும், மீதி நாளுக்கான பணம் நாள் கணக்கில் திரும்ப வேண்டும். தொடங்கும் நாளில் இரண்டு பேரும் அதே கல்லுக்குப் பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுங்கள். புல்லின் வகையைப் பொறுத்து உயரம் மாறும். படரும் புல்லுக்குக் குறைத்துக்கொள்ளலாம், குத்தாக வளரும் புல்லுக்குக் கூட்ட வேண்டும். வறட்சி, வெள்ளம், தீ மூன்றுக்கும் ஒரே விதி போதும்.

கேள்வி: பத்து ஏக்கருக்கு வாடகை கட்டுகிறேன். தண்ணீர் ஒரு மூலையில் மட்டும் இருக்கிறது, மறுகோடி மேடு. மாடுகள் அங்கே போவதே இல்லை. தண்ணீர் கொண்டுபோகக் குழாயும் மறுபுறம் வேலியும் என் செலவில் போட்டால் வாடகையில் கழிக்கலாமா?

பதில்: கழிக்க வேண்டும். மாடுகள் தண்ணீரைச் சுற்றித்தான் மேயும், சரிவு கூடக் கூடப் போவது குறையும். நீங்கள் பத்து ஏக்கருக்குக் கட்டி ஆறு ஏக்கரை மேய்க்கிறீர்கள். வெயில் காலத்தில் ஒரு பசு நாளுக்கு 50 லிட்டருக்கு மேலும் குடிக்கும் என்பதால் தண்ணீர் சின்ன விஷயம் இல்லை.

கழிப்பதை ஒரே வருடத்தில் கழிக்காதீர்கள். வேலி பத்து வருடம் நிற்கும் என்றால் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, மூன்றாம் வருடம் நீங்கள் வெளியேற நேர்ந்தால் மீதி ஏழு பங்கை நிலக்காரர் தர வேண்டும் என்று எழுதுங்கள். கழற்றி எடுத்துப்போகக் கூடிய பொருள் என்றால் எடுத்துப்போகும் உரிமையைக் கேளுங்கள். இப்படி எழுதாதவர்கள் மூன்றாம் வருடம் நல்ல வேலியோடு நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள், நிலக்காரர்கள் நாலாம் வருடம் அதே வேலியைக் காட்டி அடுத்தவரிடம் கூடுதல் வாடகை வாங்குகிறார்கள்.

கேள்வி: அறுவடை முடிந்த சோளக் காட்டில் தாளை மேய்க்க விடலாம் என்று இருக்கிறேன். மேய்ச்சல் நிலம் மாதிரியே கணக்குப் போடலாமா?

பதில்: அதைவிட நிறையக் குறைக்க வேண்டும். தாளில் புரதம் குறைவு. வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யத் தீவனத்தில் சுமார் 7 சதவீதப் புரதம் வேண்டும், காய்ந்த தாளில் அது பெரும்பாலும் கிடைக்காது. மாட்டுக்காரர் கைக்காசில் பிண்ணாக்கு வாங்கிப் போட்டாக வேண்டும். அப்புறம், மாடு முதல் சில நாளில் சிந்திய மணியையும் இலையையும் பொறுக்கித் தின்றுவிடும், கடைசி நாளில் மிஞ்சுவது வெறும் தண்டு. நாளுக்கு ஒரே வாடகை என்றால் கடைசி நாட்களுக்கு அவர் அதிகம் கொடுக்கிறார். மணி நிறையச் சிந்தியிருந்தால் ஒரேயடியாகத் தின்று வயிற்றில் அமிலம் ஏறி மாடு சாகவும் கூடும், முதல் நாளே வயிறு நிரம்பிய மாட்டைக் கொஞ்ச நேரம் மட்டும் விடச் சொல்லுங்கள்.

சோளம் என்பதால் இன்னொன்று. வெட்டிய கட்டையில் இருந்து தளிர்க்கும் இளம் தழையிலும், வறட்சியில் வாடிய பயிரிலும் சயனைடு உண்டாகும். முழங்கால் உயரம்கூட வராத மறுதாம்பில் மாட்டை விடுவது விஷம் வைப்பதற்குச் சமம். வாடகைக்கு விடும் முன் இதைச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. கடைசியாக என்ன மருந்து தெளித்தீர்கள், அதற்குப் பிறகு எத்தனை நாள் மேய்க்கக் கூடாது என்று அட்டையில் போட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் பழத்தோட்டம் இருக்கிறது. மரங்களுக்கு இடையே களை. ஆடு வைத்திருக்கும் அம்மா ஒருவர், மேய்த்துத் தருகிறேன், எனக்குப் பணம் கொடுங்கள் என்கிறார். உலகம் தலைகீழாகிவிட்டதா? (ஒரு வாசகி)

பதில்: இல்லை அம்மா, அவர் சரியாகத்தான் கேட்கிறார். களையை எடுக்க ஆளோ இயந்திரமோ வைத்து நீங்கள் ஏற்கெனவே செலவு செய்கிறீர்கள் என்றால், அந்த வேலையைத்தான் ஆடு செய்கிறது. சூரிய மின்பலகைப் பண்ணைகளில் பலகைக்குக் கீழே வளரும் புல்லை மேய்க்கச் செம்மறிக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது இப்போது பல நாடுகளில் சாதாரணம். யாருக்கு அதிகம் தேவையோ அவர் கொடுக்கிறார். புல் நல்ல தீவனமாக இருந்து, உங்களுக்குக் களை ஒரு தொந்தரவே இல்லை என்றால் அவர் கொடுக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் பணமே கைமாற வேண்டாம், புழுக்கை உங்களுக்கு மிச்சம்.

செம்புச் சத்துள்ள பூஞ்சைக் கொல்லி தெளித்திருந்தால் மட்டும் செம்மறியை விடாதீர்கள், மற்றக் கால்நடைகளைவிட அதற்குச் செம்பு சீக்கிரம் விஷமாகும். வெள்ளாட்டை விட்டால் மரப்பட்டையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் நாலு பேருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம். வாடகை என்று எதுவும் இல்லை. ஒருவர் மட்டும் வெளியிலிருந்து மாடு வாங்கி வந்து மேயவிட்டு விற்கிறார். கேட்டால், எல்லோரும் செய்யலாமே என்கிறார்.

பதில்: எல்லோரும் செய்தால் ஒரே வருடத்தில் முடிந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். ஸ்விட்சர்லாந்தின் டோர்பல் கிராமத்தில் 1517இல் ஒரு விதி எழுதினார்கள்: குளிர்காலத்தில் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாட்டை வைத்துக் காப்பாற்ற முடியுமோ, அதற்கு மேல் ஒரு மாட்டையும் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டக் கூடாது. பொதுச் சொத்தை மக்களே நிர்வகிப்பது பற்றிய ஆய்வுக்காக 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டிய ஊர்களில் அதுவும் ஒன்று. உங்களுக்கும் அதே விதி போதும்: மேய்ச்சல் இல்லாத மாதங்களில் வீட்டில் வைத்துத் தீவனம் போடுகிற மாடுகள் மட்டும் உள்ளே. வியாபார மாட்டை விட வேண்டும் என்றால் மாட்டு நாளுக்கு வாடகை, அது நாலு பங்காகப் பிரியட்டும், அவர் பங்கும் அதில் அவருக்கே திரும்பும்.

கேள்வி: ஒவ்வொரு வருடமும் உட்கார்ந்து பேரம் பேசச் சலிப்பாக இருக்கிறது. தானாக ஏறி இறங்கும்படி எழுத முடியாதா?

பதில்: முடியும், ஒரே ஒரு அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ந்த புல் விலையோ, கொள்முதல் நிலையத்தின் பால் விலையோ, சந்தையில் கன்று விலையோ, மாட்டுக்காரரின் வருமானத்தோடு நேரடியாக ஒட்டிய ஏதாவது ஒன்று. ஒரு குறிப்பிட்ட தேதியின் விலையை வைத்து அதே விகிதத்தில் வாடகை மாறட்டும், ஒரு வருடத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் மாறாது என்று வரம்பும் போடுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் மேய்ச்சல் நிலங்களுக்கு 1978 சட்டம் இப்படித்தான் சூத்திரம் வைத்தது: தனியார் மேய்ச்சல் வாடகை, மாட்டு விலை, வளர்ப்புச் செலவு என்று மூன்று குறியீடுகள், வருடத்துக்குக் கால் பங்குக்கு மேல் மாறக் கூடாது என்ற வரம்பு. ஆனால் செலவுக் குறியீடு ஏற ஏறச் சூத்திரம் கட்டணத்தைக் கீழே இழுத்தது. 1986இல் ஒரு கீழ்வரம்பு வைத்தார்கள், பிறகு பல வருடங்கள் கட்டணம் அந்தக் கீழ்வரம்பிலேயே கிடந்தது, தனியார் வாடகை எங்கேயோ போய்விட்டது. எனவே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சூத்திரத்தையே எடுத்து மேசையில் வைத்துப் பார்ப்பதாகவும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: வாடகைக்கு வந்த பசு மேய்ச்சல் நிலத்திலேயே கன்று ஈன்றது. கன்றுக்கும் வாடகை கேட்கிறார் நிலக்காரர். இது என்ன நியாயம்?

பதில்: கன்று பாலை மட்டும் குடிக்கும் வரை கேட்க அவருக்கு உரிமை இல்லை. ஆனால் ஈன்ற பசு முன்பைவிடக் கூடுதலாகத் தின்னும், அதைத் தாய்க்கு ஏற்றிக் கேட்டால் கொடுங்கள். மூன்று நாலு மாதத்தில் கன்று நன்றாகவே புல் கடிக்க ஆரம்பித்திருக்கும், அப்போது அதன் எடைப்படி கால் மாடு, பிறகு அரை மாடு என்று போட்டுக்கொள்ளலாம். சினை மாட்டை ஓட்டி வரும்போதே ஈனும் மாதத்தையும் சொல்லி எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்கே வேலை இருந்திருக்காது. இரட்டைக் கன்றாமே, பாக்கி விவரத்தைக் கடிதத்தின் பின்பக்கத்தில் பார்த்தேன். இரண்டுக்கும் இதே கணக்குத்தான்.